என் மகனும் சேர்ந்து பாடினான்

வாசகியின் கடிதம்:

"அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் திருப்பூர்க்காரர்கள். ஒன்பது ஆண்டுகளாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, ஒன்பதாம் வகுப்பு. போன மாதம் வகுப்போடு ஐந்து நாள் சுற்றுலா போய் வந்தான். கடைசி இரவு விடுதி அறையில் எடுத்த 20 நொடி வீடியோ வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒலிபெருக்கியில் ஏதோ பழைய நடனப் பாட்டு. எட்டுப் பத்துப் பையன்கள் கட்டில்மேல் ஏறி நின்று, 'ஜெர்மனி ஜெர்மானியருக்கே, வெளிநாட்டினர் வெளியேறு' என்று அந்த மெட்டில் கத்துகிறார்கள். இரண்டாவது வரிசையில் என் மகன். சிரித்துக்கொண்டே அவனும் பாடுகிறான். கேட்டால், 'சும்மா விளையாட்டு அம்மா, எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, உனக்குப் புரியாது' என்கிறான். எதையும் கிளறாதே என்கிறார் கணவர். குடியுரிமைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். போலீசுக்குப் போகலாமா? பள்ளியில் புகார் செய்யலாமா? இனவெறி இல்லாத பள்ளி என்று வாசலில் பலகை வேறு மாட்டியிருக்கிறார்கள். இவன் கேட்கும் பாட்டுகளையெல்லாம் நிறுத்திவிடலாமா? படிப்பில் குறை இல்லை, கணக்கில் முதல் மதிப்பெண். அந்தச் சிரித்த முகம்தான் இரவெல்லாம் கண்ணில் நிற்கிறது."

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

போலீஸ் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கேள்வி இல்லை என்று கடிதத்தின் கடைசி வரியே சொல்கிறது. ஆனாலும் அதை ஓரமாக வைத்தால்தான் மற்றதைப் பேச முடியும். வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அதில் கொஞ்சம் சட்டம் இருக்கிறது.

'உனக்குப் புரியாது' என்று மகன் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாட்டின் கதை உங்களுக்குத் தெரியாது, அவனுக்கும் அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். அவனிடம் பேச உட்காரும்போது அவனைவிட நாலு விஷயம் கூடுதலாக உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அந்தப் பாட்டு 'லாமூர் துஜூர்' ஆகத்தான் இருக்க வேண்டும். பெயர் பிரெஞ்சு, என்றென்றும் காதல் என்று பொருள். வரிகள் ஆங்கிலம். இசையமைத்தவர் ஜிஜி டகொஸ்டினோ என்ற இத்தாலிய டிஜே. 1999-இல் வெளிவந்த அவருடைய இசைத்தொகுப்பில் இருக்கிறது. கால் நூற்றாண்டாக ஐரோப்பாவின் நடனக்கூடங்களிலும் ஊர்த் திருவிழாக் கூடாரங்களிலும் ஒலித்துவருகிறது. அரசியல் அதில் ஒரு துளியும் கிடையாது. 2023 அக்டோபரில் வடகிழக்கு ஜெர்மனியில் பெர்க்ஹோல்ஸ் என்ற சின்ன ஊரின் அறுவடைத் திருவிழாவில் சில இளைஞர்கள் அந்த மெட்டில் இந்த வாசகத்தைக் கத்திய வீடியோ பரவியது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வேறு ஊர்களிலும் கேட்டது. 2024 மே மாதம், பெந்தகொஸ்தே விடுமுறையில், வடகடலில் இருக்கும் ஸில்ட் தீவின் மதுக்கூடம் ஒன்றில் அதே மெட்டு, அதே வாசகம். நாட்டையே உலுக்கியது அந்த வீடியோதான். ஏனென்றால் பாடியவர்கள் தலையை மழித்துக்கொண்டு பூட்ஸ் போட்டுத் திரிந்த பழைய ரவுடிகள் இல்லை. பணக்காரர்கள் விடுமுறைக்குப் போகும் தீவில், கையில் கோப்பையோடு, நன்றாக உடுத்திய வசதியான வீட்டுப் பிள்ளைகள். அப்போது சான்சலராக இருந்த ஒலாஃப் ஷோல்ஸ், அருவருப்பானது என்றார். பாடியவர்களில் சிலருக்கு வேலை போயிற்று. அந்த ஆண்டு மியூனிக்கின் பெரிய பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் கூடாரங்களில் அந்தப் பாட்டையே போடவில்லை. என் பாட்டு காதலைப் பற்றியது மட்டும்தான் என்று இசையமைத்தவர் பாவம் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பையன்கள் கத்துகிற இடம் வரிகள் வருகிற இடம் இல்லை. வரிகள் ஓய்ந்து கருவி மட்டும் துள்ளித் துள்ளி ஒலிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது; வார்த்தையே இல்லாத இடம். அதில்தான் வாசகத்தைக் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறார்கள். மெட்டுக்கு வரி போடுவது நமக்கொன்றும் புதிதில்லை. மார்கழியில் ஐயப்பன் பாட்டுக்கும் தேர்தலில் கட்சிப் பாட்டுக்கும் சினிமா மெட்டை எடுத்துக்கொள்ளாத ஊர் எது? நல்ல மெட்டு காலி வீடு மாதிரி, யார் வேண்டுமானாலும் குடியேறலாம். மெட்டு ஏற்கெனவே எல்லார் காலிலும் இருப்பதால் வாசகம் மூளையைத் தொடாமலே வாய்க்கு வந்துவிடுகிறது. யோசித்துப் பாருங்கள்: அந்தப் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, இசை இல்லாமல், வெறுமனே அந்த வாசகத்தைச் சொல்லச் சொன்னால் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? ஒருவர், இருவர். உங்கள் மகன் சொல்லியிருக்க மாட்டான்.

பள்ளி வேலைக்கு நான் வந்து 24 ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் இந்தக் கதையின் வேறொரு வடிவத்தைப் பார்த்தேன். அப்போது இப்படிப்பட்ட வாசகங்களைப் பாடத் தனி இசைக்குழுக்கள் இருந்தன. ஒலிநாடா, குறுந்தகடு எல்லாம் கை மாறிக் கை மாறி மறைவாக வரும். பெர்லினில் 'லான்ட்ஸர்' என்ற குழுவை 2003-இல் நீதிமன்றம் குற்றக் கும்பல் என்றே அறிவித்து, பாடகருக்கு 3 ஆண்டு 4 மாதச் சிறை கொடுத்தது. இசைக்குழு ஒன்றை அப்படி அறிவித்தது இந்த நாட்டில் அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு தீவிர வலதுசாரிகள் பள்ளி வாசல்களில் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதற்கென்றே ஒரு குறுந்தகடு தயாரித்தார்கள். கைக்குப் போகும் முன்பே பறிமுதல் செய்ய நீதிமன்ற உத்தரவு வந்தது. வாசலில் யாராவது எதையாவது நீட்டினால் என்ன செய்வது என்று எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசினோம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. இப்போது அவர்களுக்குக் குறுந்தகடும் வேண்டாம், வாசலில் நிற்க ஆளும் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பிடித்த பாட்டு ஒன்றும், அதன் நடுவே வெற்றிடம் ஒன்றும் போதும். 2024 செப்டம்பரில் பிராண்டன்பர்க் மாநிலத் தேர்தல் இரவில் குடியேற்றத்தை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி.யின் ஆட்கள் நடத்திய கொண்டாட்டத்தில், பழைய விருந்துப் பாட்டு ஒன்றின் மெட்டில் 'எல்லாரையும் நாடு கடத்துவோம்' என்று பாடினார்கள். அதே தொழில்நுட்பம்.

சட்டத்துக்கு வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கறிஞர்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மக்களில் ஒரு பிரிவினர்மீது வெறுப்பைத் தூண்டுவது ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 130-ஆம் பிரிவின்படி குற்றம். 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. கேட்டவுடன் இது அதில் அடங்கும் என்றுதான் தோன்றும். நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. யார், எங்கே, எந்தச் சூழலில், எதையெல்லாம் சேர்த்துச் சொன்னார்கள் என்று பார்க்கின்றன. வெளிநாட்டினர் திரும்பிப் போக வேண்டும் என்ற சுவரொட்டி வழக்கு ஒன்றில், அந்தக் கருத்து மட்டுமே மனித மாண்பின்மீது தொடுத்த தாக்குதல் ஆகிவிடாது என்று 2010-இல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது. ஸில்ட் விவகாரத்தை விசாரித்த ஃபிளென்ஸ்பர்க் அரசு வழக்கறிஞர் அலுவலகம், கிட்டத்தட்ட ஓராண்டு கழித்து, 2025 ஏப்ரலில், பாடியதற்காக யார்மீதும் வழக்கில்லை என்று கோப்பை மூடியது. மேலுதட்டில் விரலை வைத்து ஹிட்லர் மீசை காட்டிக் கையை உயர்த்திய ஒருவர்மீது மட்டும் நடவடிக்கை. அது வேறு பிரிவு, 86அ. நாஜிகளின் அடையாளங்களைக் காட்டுவது பற்றியது. அந்தப் பிரிவு எவ்வளவு கடுமையானது என்றால், நாஜிக் கட்சியின் கீதமாக இருந்த ஹோர்ஸ்ட் வெஸ்ஸல் பாட்டின் மெட்டை மட்டும், ஒரு வார்த்தைகூட இல்லாமல், பொது இடத்தில் வாசித்தாலும் குற்றம். ஆக, இந்த நாட்டில் மெட்டே குற்றமான பாட்டும் இருக்கிறது. மெட்டு நிரபராதியாக, வாசகமும் தண்டனைக்குத் தப்பிவிடுகிற பாட்டும் இருக்கிறது. எனக்கு இதில் திருப்தி இல்லை. ஆனால் நிலைமை இதுதான்.

உங்கள் வீடியோ மதுக்கூடத்தில்கூட எடுத்தது இல்லை, விடுதி அறையில் எடுத்தது. புகார் கொடுத்தால் அநேகமாக ஒன்றும் நடக்காது; ஒன்றும் நடக்கவில்லை என்ற செய்தி வகுப்புக்குப் போய்ச் சேரும்போது, 'பார்த்தாயா, தப்பே இல்லை' என்றாகிவிடும். இன்னொன்றையும் யோசியுங்கள். 14 வயது முடிந்தால் இங்கே குற்றப் பொறுப்பு வந்துவிடுகிறது. வீடியோவில் இருக்கும் எல்லாரையும் அழைப்பார்கள், உங்கள் மகனையும் சேர்த்து. காவல் நிலைய நாற்காலியில் அவன் முதல் முறை உட்காருவது இதற்காகவா இருக்க வேண்டும்?

வீடியோவில் நாஜி வணக்கம்போலக் கை தூக்கியவர்கள் யாராவது இருக்கிறார்களா, சுவஸ்திகா ஏதாவது தெரிகிறதா, யாரையாவது பெயர் சொல்லி மிரட்டுகிறார்களா என்று மட்டும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள். அப்போது என் பதில் மாறும்.

இனி அவனைப் பற்றி.

எனக்கு 11 வயதாக இருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தோம், 1986-இல். பள்ளியில் என் வகுப்பில் கறுத்த பிள்ளை நான் ஒருத்திதான். திருவிழாக் காலத்தில் பிள்ளைகள் பாடுகிற கேலிப்பாட்டு ஒன்று இருந்தது, தோல் நிறத்தைப் பற்றியது. அதை இங்கே எழுத மாட்டேன். வகுப்பில் யார் அதை ஆரம்பித்தாலும் எல்லாரும் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார்கள். இரண்டாம் ஆண்டில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்: அவர்கள் ஆரம்பிக்கும் முன் நானே ஆரம்பித்துவிடுவது. எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், விஷயம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். என் அம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால், மானமில்லையா உனக்கு என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போது பதில் இருந்திருக்காது.

உங்கள் மகனும் அப்படித்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையை மனதில் கொண்டுவந்து பாருங்கள். சுற்றுலாவின் கடைசி இரவு. பாட்டு அந்த இடத்துக்கு வருகிறது, ஒருவன் ஆரம்பிக்கிறான். அந்த வினாடியில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. ஒருவனுக்கு மட்டும் மூன்று வழிகள்: பாடுவது, வாயை மூடி நிற்பது, கட்டிலைவிட்டு இறங்கி வெளியே போவது. வாயை மூடினால் எல்லாரும் அவனைப் பார்ப்பார்கள்; 'உன்னைச் சொல்லவில்லையடா, நீ நம்ம ஆள்' என்று எவனாவது முதுகில் தட்டுவான். அந்தத் தட்டல் வாசகத்தைவிட மோசம். இறங்கிப் போனால் மறுநாள் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் அவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்? நீங்கள் வீடியோவில் பார்த்த சிரிப்பு, அந்தக் கணக்கையெல்லாம் அரை வினாடியில் போட்டு முடித்த பிள்ளையின் சிரிப்பாகவும் இருக்கலாம். கணக்கில் கெட்டிக்காரன் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.

வேறு வாய்ப்பும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். இங்கே வளரும் நம் பிள்ளைகளில் சிலர், 'வெளிநாட்டினர்' என்ற சொல்லில் தங்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. அது பிறகு வந்தவர்களை, அகதி முகாமில் இருப்பவர்களை, வேறு மதத்தவர்களைக் குறிக்கும் சொல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. சாப்பாட்டு மேசையில் பெரியவர்கள் அகதிகளைப் பற்றி என்ன பேசுகிறோம் என்று நாம் கவனிப்பதில்லை. அகதியாக வந்து இறங்கிய எங்கள் குடும்பங்களிலேயே அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி என்று சொல்லவரவில்லை. எதற்கும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அவனிடம் கேட்பது. இதுவரை நீங்கள் கேட்டது கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. அதற்குத்தான் 'சும்மா விளையாட்டு' என்ற பதில் கிடைத்தது. இன்னொரு முறை கேளுங்கள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து கேட்காதீர்கள். காரில் போகும்போது, பாத்திரம் துலக்கும்போது, முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத ஒரு வேலையின் நடுவே கேளுங்கள். 'ஏன் பாடினாய்' என்று ஆரம்பிக்காதீர்கள். 'யார் ஆரம்பித்தது' என்பதும் வேண்டாம். காட்டிக்கொடுக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வான். 'அந்த அறையில் உனக்கு எப்படி இருந்தது? இதற்கு முன்னாலும் பாடியிருக்கிறார்களா?' இவ்வளவு போதும். பிறகு நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் கஷ்டம். இரண்டு நிமிடம் மௌனமாக இருந்தால் பிள்ளைகள் பேசிவிடுவார்கள் என்பது என் அனுபவம். அந்த இரண்டு நிமிடம் அம்மாக்களால் முடிவதில்லை என்பதும் என் அனுபவம்.

அவன் ஏதாவது சொன்னால், உடனே வரலாற்றுப் பாடம் எடுக்காதீர்கள். இன்னொரு நாள் சொல்லலாம். சொல்லவும் வேண்டும், அந்த வாசகம் ஸில்ட் தீவில் பிறந்ததில்லை. 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக் நகரின் லிக்டன்ஹாகன் பகுதியில், வியட்நாம் தொழிலாளர்கள் நூறு பேருக்குமேல் இருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தபோது வெளியே கூட்டம் கத்தியது இதைத்தான். ஆயிரக்கணக்கானோர் நின்று வேடிக்கை பார்த்தார்கள், கைதட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மோல்ன் ஊரில் தீவைப்பில் மூன்று பேர் இறந்தார்கள். 1993 மே 29 அன்று ஸோலிங்கன் நகரில் துருக்கியக் குடும்பம் ஒன்றின் வீட்டைக் கொளுத்தினார்கள். பெண்களும் சிறுமிகளுமாக ஐந்து பேர். எனக்கு அப்போது 18 வயது. இரவு படுக்கும் முன் அப்பா இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கதவருகே வைப்பார். இரண்டு வாளித் தண்ணீர் எதற்குப் போதும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. உங்கள் மகனின் வகுப்புத் தோழர்கள் எல்லாரும் இதற்கெல்லாம் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். அவர்களுக்கு அது இணையத்தில் வந்த வேடிக்கை. தெரியாமல் பாடுகிறார்கள் என்று நான் மன்னித்துவிடவில்லை; தெரிவிக்க வேண்டியது யார் வேலை என்று கேட்கிறேன்.

அதனால் பள்ளிக்கு எழுதுங்கள். சுற்றுலா பள்ளி நிகழ்ச்சி. அந்த இரவுக்குப் பள்ளிதான் பொறுப்பு. ஆனால் மகனிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். அனுமதி கேட்கச் சொல்லவில்லை. பெற்றவர் நீங்கள், முடிவு உங்களுடையது. எழுதப் போகிறேன் என்பதையும் கடிதத்தில் என்ன இருக்கும் என்பதையும் அவன் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வகுப்பில் யாரோ சொல்லி அவன் தெரிந்துகொண்டால், அடுத்த வீடியோ வரும்போது உங்களுக்குக் காட்ட மாட்டான்.

வகுப்பாசிரியருக்கு எழுதி, பள்ளிச் சமூகப் பணியாளருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்குமேல் வேண்டாம். எந்த நாள், எங்கே, எந்த வாசகம், வீடியோ எந்தக் குழுவில் வந்தது. பையன்களின் பெயர் வேண்டாம், உங்கள் மகன் பெயரும் வேண்டாம். பார்த்தால் அவர்களுக்கே தெரியும். 'தண்டியுங்கள்' என்று எழுதினால் தலைமையாசிரியர் அறையில் நாலு பேரை நிறுத்தித் திட்டி அனுப்புவார்கள், அதோடு முடிந்துவிடும். யார் சொன்னது என்ற ஆராய்ச்சி மட்டும் வகுப்பில் ஒரு மாதம் நடக்கும். அதற்குப் பதிலாக, வகுப்பு முழுவதோடும் இதைப் பற்றிப் பேச வேண்டும், எப்போது, யார் பேசப் போகிறார்கள் என்று எனக்கு இரண்டு வாரத்துக்குள் தெரிவியுங்கள் என்று எழுதுங்கள். தேதி கேளுங்கள். தேதி கேட்டால்தான் கோப்பு நகரும், திருப்பூரானாலும் ஸ்டுட்கார்ட் ஆனாலும்.

அந்த வாசல் பலகையைப் பற்றிக் கசப்போடு எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்தப் பலகைமேல் மதிப்பு உண்டு, பலகை பேசாது என்றாலும். மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள் எல்லாருமாகக் குறைந்தது 70 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பள்ளிக்கு அது கிடைக்கும். பள்ளியில் இப்படி ஏதாவது நடந்தால் மறைக்காமல் எடுத்துப் பேசுவோம் என்பதும் அந்தக் கையெழுத்தில் அடக்கம். ஆகவே பலகையைக் குத்திக்காட்டாதீர்கள், பயன்படுத்துங்கள். உங்கள் மாணவர்கள் கொடுத்த வாக்கின்படி என்று ஒரு வரி கடிதத்தில் இருக்கட்டும். ஆசிரியர்கள் தடுமாறினால், தீவிர வலதுசாரிப் பிரச்சினைகளுக்கென்றே நடமாடும் ஆலோசனைக் குழுக்கள் 16 மாநிலங்களிலும் இருக்கின்றன. கட்டணமில்லாமல் பள்ளிக்கே வந்து பேசுவார்கள். உங்கள் மாநிலத்துக் குழுவை அழைக்கலாமே என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: அந்த வகுப்பு நடக்கும்போது உங்கள் மகனை எழுப்பி, 'உனக்கு எப்படி இருந்தது, சொல்' என்று கேட்கக் கூடாது. நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர்கள்தான் இந்தத் தவறைச் செய்வார்கள். அவன் காட்சிப்பொருள் இல்லை. அந்தக் கட்டிலில் பத்துப் பேர் நின்றார்கள். கேள்வி பத்துப் பேருக்கும்.

வீடியோவைத் தேதியும் நேரமும் தெரியும்படி சேமித்து வையுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள், ஊர்த் தமிழ்ச் சங்கக் குழுவுக்குக்கூட. அதில் இருப்பவர்கள் எல்லாரும் சிறுவர்கள். ஒருவர் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் பரப்பக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. நாளைக்குத் தப்பு உங்கள்மேல் திரும்பும். உங்கள் பிள்ளை முகமும் அதில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை நான் கோழை என்று நினைக்கவில்லை. கிளறாதே என்று சொல்லிச் சொல்லித்தான் என் அப்பாவும் எங்களைக் கரை சேர்த்தார். ஆனால் அவர் பயப்படும் விஷயத்தில் பயத்துக்கு இடமில்லை. 2024 ஜூன் 27 முதல் நடைமுறையில் இருக்கும் குடியுரிமைச் சட்டத்தின்படி ஐந்து ஆண்டு வசித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு ஒன்பது ஆகிவிட்டது. பெற்றோர் பள்ளிக்கு எழுதும் கடிதம் அந்த விண்ணப்பத்தில் எங்கும் போய்ச் சேராது. அங்கே பார்ப்பது வருமானம், மொழி, குற்றத் தண்டனை போன்றவற்றை. சொல்லப்போனால் இனவெறிச் செயல்கள்தான் விண்ணப்பத்தைக் கெடுக்கும் என்று சட்டமே சொல்கிறது. அதை எதிர்த்துக் கேட்பது கெடுக்காது. இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். முடிந்தால் பள்ளிக்கு அவரும் வரட்டும். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளை பார்ப்பது நல்லது.

கடைசியாகப் பாட்டுகளை நிறுத்தலாமா என்ற கேள்வி. கூடாது. அக்டோபர்ஃபெஸ்டில் நிறுத்தினார்கள், அதற்கு ஒரு காரணம் இருந்தது, போதையில் பல்லாயிரம் பேர் கூடும் இடம். ஆனால் தடைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. இப்போது பள்ளி நடைவழிகளில் பிள்ளைகள் வாசகத்தைச் சொல்வதில்லை. அந்த மெட்டை மட்டும் முணுமுணுத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். தடை அந்த மெட்டைச் சங்கேதமாக்கிவிட்டது. எந்த ஆசிரியரால் முணுமுணுப்பைக் கண்டிக்க முடியும்? வீட்டில் நீங்கள் தடுத்தால் அவன் காதில் மாட்டிக்கொண்டு கேட்பான், அவ்வளவுதான். ஒருநாள் நீங்களே அந்தப் பாட்டை அவன் முன்னால் போடுங்கள், முழுதாக. நல்ல பாட்டுதான் அது, எனக்குப் பிடிக்கும். என் கல்யாணத்துக்கு மறு ஆண்டு பஸ்ஸில், கடையில், எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையில்லாத இடம் வரும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

இந்தப் பாட்டும் இசையும் தவறான ஆட்கள் கையில் மட்டும் இருப்பதாக அவன் நினைத்துவிடக் கூடாது. 2018-இல் கெம்னிட்ஸ் நகரில் தீவிர வலதுசாரிகள் தெருவில் இறங்கி வெளிநாட்டினரை விரட்டியபோது, சில நாட்களிலேயே, செப்டம்பர் 3 அன்று, 'நாங்கள்தான் அதிகம்' என்ற பெயரில் இசைக்குழுக்கள் சேர்ந்து இலவசக் கச்சேரி நடத்தின. வந்தவர்கள் சுமார் 65,000 பேர். அதன் வீடியோக்களை அவனே தேடி எடுப்பான், நீங்கள் சொன்னால் போதும். ஒருவேளை அவனுக்கு அந்த இசை பிடிக்காமலும் போகலாம். பதினைந்து வயதுக்காரர்களுக்கு அம்மா காட்டும் இசை எப்போது பிடித்திருக்கிறது?

பள்ளியிலிருந்து இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் எழுதுங்கள், அடுத்த கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதலாம். ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவனுடைய கணக்கு மதிப்பெண் வரை எழுதியிருக்கிறீர்கள். தனியாக இருக்கும்போது அவன் என்ன பாட்டுக் கேட்பான் என்று எழுதவில்லை. கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா